ஸீட்டுக்குள் ஒளிந்த மனிதர்

2017, ஆகஸ்ட் மாதத்தின் முதல் வாரம். வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியா மாகாணத்தைச் சேர்ந்த ஆர்லிங்டன் என்கிற ஊர். தெருவில் ஒரு வேன் போய்க்கொண்டிருக்கிறது. சிகப்பு விழுந்தால் நிற்கிறது. பச்சை விழுந்தால் கிளம்புகிறது. திரும்ப வேண்டிய இடத்தில் ஒழுங்காகத் திரும்புகிறது. எல்லாம் சரி. டிரைவர் ஸீட்டில்தான் ஆளைக் காணோம்.

அமெரிக்காவில் அப்போது தானியங்கிக் கார் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. ஆனாலும், உள்ளே பொறுப்பாக ஓர் ஆள்கூட இல்லாமல் ஒரு வண்டி தெருவில் சுற்றும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு டெலிவிஷன் நிருபருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. வேன் சிக்னலில் நின்ற சமயம் பார்த்து ஓடிப்போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

ஸீட்டுக்குக் கை முளைத்திருந்தது.

கீழே பார்த்தால் காலும் இருந்தது. ஸீட் உறை மாதிரியே ஓர் அங்கியைத் தைத்து, தலையோடு சேர்த்து மாட்டிக்கொண்டு, ஸீட்டோடு ஸீட்டாக ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தார். யார் சார் நீங்க, என்ன பண்றீங்க என்று நிருபர் கேட்டார். ஸீட் வாயைத் திறக்கவில்லை. வண்டி போய்விட்டது.

கொஞ்ச நேரத்திலேயே உண்மை வெளியே வந்துவிட்டது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆராய்ச்சி நிலையம், அது நம்ம ஆள்தான் என்று ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் ஃபோர்டு கம்பெனியும் முன்னால் வந்து, ஆராய்ச்சி எங்களோடு சேர்ந்து நடந்ததுதான் என்றது. வேனின் முன்கண்ணாடிக்கு மேலே ஒரு விளக்குப் பட்டை பொருத்தியிருந்தார்கள். அசையாமல் வெள்ளையாக எரிந்தால் வண்டி தானாக ஓடுகிறது என்று அர்த்தம். இரண்டு விளக்குகள் பக்கவாட்டில் மெல்ல நகர்ந்தால், நான் வழி விடுகிறேன். படபடவென்று சிமிட்டினால், கிளம்பப் போகிறேன், ஒதுங்கு. டிரைவர் இல்லாத வண்டியின் இந்தப் பாஷை தெருவில் நடக்கிறவர்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். டிரைவர் இருப்பது தெரிந்தால் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் அவரை ஸீட்டாக்கிவிட்டார்கள்.

சிரிப்பு வருகிறது இல்லையா? எனக்கும் வந்தது. ஆனால் அந்த ஸீட் மனிதர் கேட்ட கேள்வி கிட்டத்தட்ட நூற்றைம்பது வருஷத்துப் பழைய கேள்வி. அதற்காக ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

*

நீங்கள் ரோடைக் கடக்கும்போது என்ன செய்கிறீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வண்டி வருகிறது. டிரைவரைப் பார்க்கிறீர்கள். அவர் உங்களைப் பார்க்கிறார். லேசாகத் தலையை ஆட்டுகிறார், அல்லது விரலை உயர்த்துகிறார். நம்ம ஊர் என்றால் நாமே கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் காட்டியபடி நடக்க ஆரம்பித்துவிடுவோம். பேச்சே இல்லாத பேச்சுவார்த்தை. ஒரு விநாடியில் ஆரம்பித்து அடுத்த விநாடியில் முடிந்துவிடுகிறது. நீ போ, நான் நிற்கிறேன். அல்லது, நான் போகிறேன், நீ நில்லு.

இந்தப் பேச்சுவார்த்தையில் முதலில் பேச வேண்டியது யார்? வண்டியா, நடப்பவரா? வம்பே அங்கேதான்.

1865-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. பேச வேண்டியது வண்டிதான். அன்றைக்கு ரோட்டில் குதிரை இல்லாமல் ஓடியது நீராவி எஞ்சின். பார்க்கவும் கேட்கவும் பூதம் மாதிரி இருக்கும். அதற்கு ஒரு சட்டம் போட்டார்கள். ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல், அதற்கு மேல் ஓடக்கூடாது. சாதாரணமாக நடக்கிற ஆள் இரண்டு மைல் வண்டியைத் தாண்டிப் போய்விடுவார். வண்டியை நடத்தக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். அதில் ஒருவர் வண்டிக்கு 60 கஜம் முன்னால், கையில் சிவப்புக் கொடியோடு நடந்து போக வேண்டும். பின்னாளில் ‘சிவப்புக் கொடிச் சட்டம்’ என்று இதைத்தான் கிண்டல் செய்தார்கள்.

சட்டத்தைப் படித்தால் இன்னொரு தமாஷ். கொடிக்காரர் எச்சரிக்க வேண்டியது முக்கியமாகக் குதிரைகளை. அதாவது குதிரையில் போகிறவர்களையும் குதிரை வண்டி ஓட்டுகிறவர்களையும். குதிரை மிரண்டால் அதைப் பிடித்துத் தாண்டி அனுப்பிவைப்பதும் அவர் வேலைதான். எஞ்சின் விசில் ஊதவே கூடாது என்று வேறு போட்டிருந்தார்கள். குதிரை வைத்திருந்த ஆட்களுக்குச் சபையில் இருந்த செல்வாக்கை இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நடந்து போகிற ஏழைக்குக் கிடைத்தது அந்தக் கொடியின் உபரி லாபம்தான். இருந்தாலும் கிடைத்தது. வண்டி வருமுன் ஒரு மனிதன் வந்தான். முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

மூன்று வருஷம் கழித்து, 1868 டிசம்பரில், அதே நாடாளுமன்றத்துக்கு வெளியே ஒரு கம்பம் நட்டார்கள். ஜான் பீக் நைட் என்கிற ரயில்வே எஞ்சினீயரின் யோசனை. பகலில் ரயில் கைகாட்டி மாதிரி கைகள் நீளும். ராத்திரியில் கேஸ் விளக்கு எரியும், சிகப்பிலும் பச்சையிலும். உலகத்தின் முதல் டிராஃபிக் சிக்னல். எதற்காக நட்டார்கள் தெரியுமா? போலீஸ் கமிஷனரின் அறிவிப்பு பளிச்சென்று சொல்கிறது: கை நீண்டால் வண்டியும் குதிரையும் நிற்க வேண்டும், நடந்து போகிறவர்கள் கடப்பதற்காக. வண்டிகள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்காக வைத்த விளக்கு இல்லை அது. நடப்பவர்களுக்காக வைத்தது.

பாவம், ஆயுசு இல்லை. அடுத்த மாதமே கேஸ் கசிந்து வெடித்தது. அதை இயக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் காயம்பட்டார். யோசனையை மூட்டை கட்டிவிட்டார்கள்.

சிவப்புக் கொடியும் மெல்ல மெல்ல இறங்கியது. 1878-ல் கொடி கட்டாயமில்லை, ஆள் 20 கஜம் முன்னால் நடந்தால் போதும் என்றானது. பிறகு பெட்ரோல் கார் வந்தது. பணக்காரர்கள் வாங்கினார்கள். முன்னால் ஓர் ஆளை நடக்கவிட்டுப் பின்னால் ஊர்ந்து போவதற்கா அவ்வளவு பணம் கொடுத்து வாங்குவார்கள்? நெருக்கினார்கள். 1896-ல் புதுச் சட்டம் வந்தது. இலகுரக வண்டிகளுக்கு முன்னால் இனி ஆள் வேண்டாம். வேகம் 14 மைல் வரை போகலாம் (பிற்பாடு விதிமுறையில் 12 ஆக்கினார்கள்). ஆளுக்குப் பதிலாக ஒரு மணியோ, சத்தம் போடும் வேறு கருவியோ இருந்தால் போதும். நவம்பர் 14-ம் தேதி அது அமலுக்கு வந்தது. அன்று காலை லண்டன் ஹோட்டல் ஒன்றில் விருந்து. வின்சில்ஸீ பிரபு ஒரு சிவப்புக் கொடியை எல்லோர் முன்னிலையிலும் கிழித்தார். கைதட்டினார்கள். பிரைட்டனுக்குக் கார்கள் கிளம்பின.

கொடியைக் கிழிப்பதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்தது ஒன்று உண்டு. விருந்தில் அதை யாராவது ஞாபகப்படுத்தினார்களா என்பது எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 17. லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் மைதானம். பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்கிற பெண்மணி, 44 வயது, டீன் ஏஜ் மகளோடு வந்திருந்தார். அங்கே ஒரு கம்பெனி, மோட்டார் காரில் பொதுமக்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. கார் அவர் மேல் மோதியது. செத்துப்போனார். பிரிட்டனில் பெட்ரோல் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர். மணிக்கு நாலு மைலில்தான் வந்தேன், மணியடித்தேன், கத்தினேன் என்றார் டிரைவர். அவருக்கு வண்டி பழகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நல்ல குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகிற வேகம் என்றார் பார்த்த ஒரு சாட்சி. விபத்து மரணம் என்று தீர்ப்பாயிற்று.

எந்த வேகமாக இருந்தாலும் சரி, அந்தப் பெண்மணி நின்றுவிட்டார். திகைத்துப்போய், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நின்றுவிட்டார். அதுவரை அவர் பார்த்த எந்த வண்டியும் குதிரைதான் இழுத்து வரும். குதிரைக்குக் கண் உண்டு. மனிதர் நிற்பது தெரிந்தால் தானே ஒதுங்கப் பார்க்கும். இதற்கு என்ன இருக்கிறது, இது என்ன நினைக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

*

அமெரிக்காவில் கதை வேறு மாதிரிப் போனது. அங்கே 1920-கள் வரை தெரு என்பது எல்லோருக்கும் பொது. குழந்தைகள் விளையாடுவார்கள், தள்ளுவண்டிக்காரர்கள் கூவி விற்பார்கள், ஜனங்கள் நினைத்த இடத்தில் கடப்பார்கள். மோட்டார் கார்கள் ஆயிரக்கணக்கில் இறங்கியபோது, செத்தவர்களில் நிறையப் பேர் நடந்துபோனவர்கள். அதிலும் நிறையக் குழந்தைகள். ஊர்களில் துக்க ஊர்வலம் விட்டார்கள். கார் வைத்திருப்பவன் என்றாலே ஒரு கசப்பு.

சின்சினாட்டி நகரத்து மக்கள் ஒருபடி மேலே போனார்கள். 1923-ல் 42,000 பேர் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் ஊருக்குள் ஓடும் ஒவ்வொரு காரிலும் ஒரு கருவி பொருத்த வேண்டும். 25 மைலுக்கு மேல் எஞ்சின் ஓடக்கூடாது. அவ்வளவுதான் கேட்டது. கார் விற்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. வேகம் போனால் காரை யார் வாங்குவார்கள்? ஒன்று சேர்ந்து பணத்தை இறைத்துப் பிரசாரம் செய்தார்கள். ஓட்டெடுப்பில் மனு படுதோல்வி.

நான் காமர்ஸ் படித்தவன். கணக்கில் ஒரு செலவை யார் தலையில் எழுதுகிறார்கள் என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. சின்சினாட்டிக்குப் பிறகு நடந்தது அதுதான். விபத்து என்கிற செலவு அதுவரை வண்டிக்காரன் பேரில் பற்று எழுதப்பட்டிருந்தது. மெதுவாக அதை நடப்பவன் பேருக்கு மாற்றி எழுத ஆரம்பித்தார்கள்.

அதற்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஒரு வசைச்சொல் உதவிக்கு வந்தது. ‘ஜே’ என்றால் அன்றைய அமெரிக்கக் கொச்சையில் பட்டிக்காட்டான். பட்டணத்துக்கு வந்து எங்கே நடப்பது என்று தெரியாமல் நடுரோட்டில் பராக்குப் பார்ப்பவன் ‘ஜேவாக்கர்’. அதை எடுத்துக்கொண்டார்கள். சாரணர் பையன்களைத் தெருமுனையில் நிறுத்தி, குறுக்கே கடப்பவர்களுக்கு அறிவுரை அட்டை கொடுக்க வைத்தார்கள். 1924-ல் நியூயார்க்கில் நடந்த பாதுகாப்புப் பிரசாரத்தில் ஒரு கோமாளியை முன்னால் நடக்கவிட்டு, பின்னால் ஒரு ஃபோர்டு கார் மெதுவாக வந்து அவனைத் திரும்பத் திரும்ப இடித்துக்கொண்டே போனது. ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாம் அதுவரை அந்தக் கோமாளி மாதிரியே நடந்துகொண்டிருந்தவர்கள்தான்.

1925-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒரு போக்குவரத்துச் சட்டம் போட்டது. நடப்பவர்கள் குறித்த இடத்தில்தான் கடக்க வேண்டும். கொஞ்ச வருஷத்தில் அமெரிக்க வணிகத் துறையின் பெயரில் ஒரு மாதிரிச் சட்டம் தயாரானது, கிட்டத்தட்ட லாஸ் ஏஞ்சலஸைப் பார்த்து. நகரம் நகரமாக அதைக் காப்பியடித்தார்கள். ஒரே தலைமுறைக்குள், தெரு என்றால் வண்டிக்கானது, நடப்பவன் அதில் விருந்தாளி என்று ஆகிவிட்டது.

பிரிட்டன் இவ்வளவு தூரம் போகவில்லை. 1934-ல் லெஸ்லி ஹோர்-பெலிஷா என்கிற போக்குவரத்து அமைச்சர், கடக்கும் இடங்களில் ஆரஞ்சு உருண்டை வைத்த கம்பங்களை நட்டார். 1951-ல் கறுப்பு வெள்ளைப் பட்டை, ஸீப்ரா கிராஸிங். அதில் காலை வைத்துவிட்டால் வண்டி நின்றே ஆக வேண்டும். ஆனால் பட்டை இருக்கிற இடத்தில்தான் அந்த ராஜ மரியாதை.

பட்டைக்கும் விளக்குக்கும் சட்டத்துக்கும் வெளியே மிச்சம் இருந்தது, அந்தப் பார்வையும் தலையசைப்பும்தான்.

*

தானியங்கிக் கார் வந்ததும் எஞ்சினீயர்களுக்குக் கவலை வந்தது இந்த மிச்சத்தைப் பற்றித்தான். டிரைவர் போய்விட்டால் தலையசைக்க யார் இருக்கிறார்கள்?

2015 ஜனவரியில் மெர்சிடஸ் பென்ஸ் ஒரு மாதிரிக் காரைக் காட்டியது. எதிரே ஆள் நின்றால் நின்றுவிட்டு, லேசரால் ரோட்டில் ஸீப்ரா பட்டை வரைந்து காட்டும். கையோடு ஒரு கிராஸிங் கொண்டுவருகிற கார். அதே வருஷம் டோக்கியோ கண்காட்சியில் நிஸ்ஸான் வைத்த காரின் முகப்பில் எழுத்து ஓடியது: முதலில் நீங்கள். அடுத்த வருஷம் ஸ்வீடனின் செம்கான் நிறுவனம், முகப்பில் புன்னகை வரையும் காரைக் காட்டியது. வளைந்த கோடு தெரிந்தால் நிற்கிறேன் என்று அர்த்தம். 2018-ல் ஜாகுவார் லேண்ட் ரோவர் தன் சோதனை வண்டிக்கு இரண்டு பெரிய கண்களையே வைத்துவிட்டது. ஆள் நின்றால் கருவிழி அவர் பக்கம் திரும்பும். பார்க்கப் பொம்மலாட்டப் பொம்மை மாதிரி இருந்தது. இந்தக் கண் விவகாரத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. 2022-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஒரு கோல்ஃப் வண்டிக்குக் கண் வைத்து, அந்தக் காட்சிகளைக் கொண்டு பதினெட்டு பேரைச் சோதித்தார்கள். வண்டி தங்களைப் பார்க்கவில்லை என்று கண் சொன்னபோது, ஆண்கள் அசட்டுத் துணிச்சலோடு கடப்பது குறைந்தது. பெண்களுக்கோ, கண் தங்களைப் பார்த்தபோது நிம்மதி கூடியது.

எல்லோருக்கும் மேலே கூகுள். 2015 நவம்பரில் அதற்குக் கிடைத்த ஒரு காப்புரிமையில், கதவில் எழுத்துப் பலகை, ஒலிபெருக்கி எல்லாம் போக, சைகை காட்டுவதற்கு ஓர் இயந்திரக் கை வைக்கலாம் என்றுகூட எழுதியிருந்தார்கள். அடுத்த மே மாதம் இன்னொரு காப்புரிமை. அதன்படி பானெட்டில் பசை தடவியிருக்கும். ஆள் மேல் மோதிவிட்டால் அவர் தெறித்துப்போய்க் கீழே விழாமல் அதிலேயே ஒட்டிக்கொள்வார், ஈப் பிசினில் ஈ மாதிரி. பேச்சுவார்த்தை தோற்றால் கட்டிப்பிடித்துக்கொள்ளும் யோசனை!

சும்மா காட்சிக்கு வைக்காமல் ரோட்டிலேயே இறக்கியது டிரைவ்.ஏஐ என்கிற சின்னக் கம்பெனி. 2018 ஜூலையில் டெக்ஸாஸ் மாகாணத்தின் ஃபிரிஸ்கோ நகரத்தில், பளீர் ஆரஞ்சு நிற வேன்கள். நாலு பக்கமும் எழுத்துப் பலகை. நீங்கள் கடக்கக் காத்திருக்கிறேன், இதோ கிளம்புகிறேன் என்பது மாதிரி வாசகங்கள். அடுத்த வருஷம் அந்தக் கம்பெனியை ஆப்பிள் வாங்கிவிட்டது. ஆரஞ்சு வேன் கதை முடிந்தது.

ஏன் இதில் எதுவும் ஊன்றவில்லை? ஒவ்வொன்றாகக் கேள்வி முளைத்தது. எழுத்து என்றால் எந்த மொழியில்? படிக்கத் தெரியாத குழந்தை என்ன செய்யும்? பார்வை இல்லாதவர்? எதிரே மூன்று பேர் நின்றால், ‘நீங்கள் போகலாம்’ என்பது மூவரில் யாருக்கு? அதைவிடப் பெரிசு: வண்டி ‘போகலாம்’ என்கிறது, நீங்கள் நம்பி இறங்குகிறீர்கள், பக்கத்து லேனில் வருகிற இன்னொரு கார் அடித்துவிடுகிறது. போகச் சொன்னவன் குற்றவாளி ஆகமாட்டானா? அதனால், நான் என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் வண்டி சொல்லட்டும், நீ என்ன செய் என்று சொல்ல வேண்டாம் என்கிற கட்சி பலத்தது. விளக்குப் பாஷைக்கோ பாடம் வேண்டும். ஒரு சமிக்ஞை புரிவதற்கு இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது, மூன்றும் புரிய ஐந்திலிருந்து பத்துத் தடவை ஆகிறது என்று ஃபோர்டே சொன்னது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை என்றால் நடப்பவன் கதி?

இதற்கு நடுவில் சத்தம் மட்டும் சட்டமாகியிருக்கிறது. மின்சாரக் கார்கள் சத்தமே இல்லாமல் வருவதால் பார்வையற்றவர்களுக்கு ஆபத்து என்று, மெதுவாக ஓடும்போது செயற்கையாக ஓர் ஒலி எழுப்ப வேண்டும் என்றார்கள். ஐரோப்பாவில் 2019 ஜூலையிலிருந்து புதிய மாடல்களுக்கு அது கட்டாயம். 1896-ம் வருஷத்து மணி, வேறு வேஷத்தில்.

இந்தக் கண், வாய், கை எல்லாவற்றையும் அடித்துப்போடுகிற மாதிரி ஓர் ஆராய்ச்சி இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் முன்னின்று செய்தார்கள். லீட்ஸ், ஏதென்ஸ், மியூனிக் மூன்று ஊர்களிலும் தெருவில் நின்று, வண்டியும் மனிதரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கவனித்தார்கள். தலையசைப்பும் கையசைப்பும் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லவே இல்லை. அபூர்வம். ஜனங்கள் பெரும்பாலும் பார்த்தது வண்டி வேகத்தைக் குறைக்கிறதா என்பதைத்தான். டிரைவரின் முகத்தை அல்ல, வண்டியின் நடையை.

*

இனி அரிசோனா.

2018 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி பத்து மணி. டெம்பி என்கிற ஊர். 49 வயதுப் பெண்மணி ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அகலமான ரோடு ஒன்றைக் கடக்கிறார். நடுவே இருந்த மண்திட்டில் செங்கல் பதித்த பாதை, வா வா என்று கூப்பிடுகிற மாதிரி. இங்கே கடக்காதே என்று பக்கத்தில் பலகையும் இருந்தது. முறையான கிராஸிங் இன்னும் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி. ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் வருகிறது. தானாகத்தான் ஓடுகிறது. கண்காணிக்க உள்ளே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் செல்ஃபோனில் டி.வி. நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. கார் மோதியது. தானியங்கிக் கார் மோதி இறந்த முதல் பாதசாரி, அந்தப் பெண்மணி.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் விசாரித்தது. அந்த அறிக்கையைப் படித்தால் தூக்கம் வராது. மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே கார் அவரைக் கண்டுபிடித்துவிட்டது. கண்ணில் கோளாறே இல்லை. ஆனால் அது என்ன என்று தெரியவில்லை. முதலில் வாகனம் என்றது. பிறகு ஏதோ ஒரு பொருள் என்றது. பிறகு சைக்கிள். மறுபடி பொருள். முடிவை ஒவ்வொரு தடவை மாற்றும்போதும், அதுவரை அவர் நகர்ந்து வந்த சரித்திரத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தது. ஆகவே அவர் எங்கே போகிறார் என்பதைக் கடைசிவரை அது கணக்குப் போடவே இல்லை. காரோடு கம்பெனியே கொடுத்திருந்த அவசர பிரேக்கை, தானாக ஓடும் நேரத்தில் அணைத்து வைத்திருந்தார்கள்.

இதற்கெல்லாம் அடியில் இருந்தது ஒரு வாக்கியம். அந்த மென்பொருள், கிராஸிங் இல்லாத இடத்தில் மனிதர் கடக்கக்கூடும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி எழுதப்படவில்லை. அறிக்கை அதற்குப் பயன்படுத்திய சொல், அந்தப் பழைய ‘ஜேவாக்கிங்’.

சாரணர் அட்டையும், கோமாளியும், லாஸ் ஏஞ்சலஸ் சட்டமும் தொண்ணூறு வருஷம் கழித்துக் கம்ப்யூட்டர் நிரலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன என்றுதான் எனக்குத் தோன்றியது. மனித டிரைவருக்குச் சட்டம் எதைச் சொன்னாலும், நடுரோட்டில் ஓர் உருவம் தெரிந்தால் கால் பிரேக்குக்குப் போகும். நிரலுக்கு அப்படிக் கால் இல்லை. அதனிடம் சொன்னது மட்டும்தான் தெரியும். காரின் முகப்பில் எத்தனை பெரிய கண்ணை வரைந்திருந்தாலும், எத்தனை இனிமையாகச் சிரிக்க வைத்திருந்தாலும், அந்த ராத்திரி ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. எல்லோரும் காருக்கு வாய் வைக்க அலைந்துகொண்டிருந்தார்கள். குறை காதில் இருந்தது.

வாரியம் பல பேர் மேல் தவறு சொன்னது. கண்காணிக்காத ஆள், கம்பெனியின் பாதுகாப்பு அலட்சியம், கிராஸிங் இல்லாத இடத்தில் கடந்த பெண்மணி, மேற்பார்வை பார்க்காத மாகாண அரசு. ஆனால் வழக்கு என்று வந்தபோது, கம்பெனி மேல் கிரிமினல் வழக்குக்கு அடிப்படை இல்லை என்று 2019-ல் அரசு வக்கீல் சொல்லிவிட்டார். உள்ளே உட்கார்ந்திருந்தவர் 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்று வருஷக் கண்காணிப்புத் தண்டனை. பற்று யார் பேரில் எழுதப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே 2023-ல், அக்டோபர் 2-ம் தேதி, சான் ஃபிரான்சிஸ்கோவில் இன்னொரு சம்பவம். மனிதர் ஓட்டிய ஒரு கார் இடித்து, ஒரு பெண்மணி பக்கத்து லேனில் போய் விழுந்தார். அங்கே க்ரூஸ் நிறுவனத்தின் ஆளில்லாத டாக்ஸி. அது பிரேக் போட்டது. ஆனாலும் ஏறிவிட்டது, நின்றது. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. விபத்து நடந்தால் ஓரம்கட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்லியிருந்தார்கள். அடியில் ஒரு மனிதர் இருப்பது அதற்குத் தெரியவில்லை. இருபது அடி தூரம் இழுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றது. அந்த மாதமே உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்ஸி வியாபாரத்தையே கைகழுவியது.

இத்தனைக்கும் நடுவில் பழைய குரலும் கேட்டது. டெம்பி விபத்து நடந்த வருஷமே, செயற்கை அறிவுத் துறையில் பெரிய பெயர் ஆண்ட்ரூ ங், அந்த ஆரஞ்சு வேன் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருந்தவர், ஒன்று சொன்னார். நடுரோட்டில் துள்ளிக் குதிக்கும் ஆசாமியையெல்லாம் சமாளிக்கும்படி இயந்திரத்தைச் செய்வதைவிட, சட்டப்படி நடந்துகொள்ளுங்கள், அனுசரித்துப் போங்கள் என்று ஜனங்களைக் கேட்டுக்கொள்ளலாமே என்கிற அர்த்தத்தில். 1924-லிருந்து நேராக வந்த மாதிரி இல்லை?

நியாயமாகப் பேசினால் அவர் பக்கத்திலும் ஒரு கவலை உண்டு. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆடம் மில்லார்ட்-பால் என்கிற ஆராய்ச்சியாளர் 2016-லேயே அதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றைக்கு நாம் காருக்கு முன்னால் குதிக்காமல் இருப்பது, டிரைவர் கவனிக்காமல் போய்விடுவாரோ, குடித்திருப்பாரோ என்கிற பயத்தால். எப்போதும் தவறாமல் நிற்கிற கார் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் யாருக்குப் பயம்? ஜனங்கள் பாட்டுக்கு நடப்பார்கள். தானியங்கிக் கார் கடைத்தெருவில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும். காரைச் செய்கிறவனுக்கு அது துக்கம். கடைத்தெருவுக்கு அது துக்கமா என்று அவரவர் தீர்மானித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சட்டங்களும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கின்றன. கலிஃபோர்னியா 2023 ஜனவரி 1 முதல், மோதிவிடும் அபாயம் உடனடியாக இருந்தால் ஒழிய, குறுக்கே கடப்பவருக்கு அபராதம் போடக்கூடாது என்று போலீஸுக்குச் சொல்லிவிட்டது. 2024-ல் நியூயார்க் நகரம் அதைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்தது.

1925-ல் நடப்பவர்களை ஓரம்கட்டிய அதே லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில், 2024 நவம்பரிலிருந்து யார் வேண்டுமானாலும் வேமோவின் ஆளில்லா டாக்ஸியில் ஏறலாம். ஏறுகிற கார் ஜாகுவார். ஆனால் அந்தப் பொம்மைக் கண்கள் இல்லை. கூரை மேல் குடம் கவிழ்த்த மாதிரி ஒரு கறுப்பு மண்டை சுழல்கிறது. வழி விட்டு நிற்கும்போது, நடப்பவருக்குத் தெரியும்படி அதன் முன்பக்கத்தில் வெள்ளையும் சாம்பலுமாக இரண்டு கட்டங்கள் நகர்கின்றன. பின்பக்கத்தில் மஞ்சளாக ஒரு சின்ன மனித உருவம், நடக்கிற தோரணையில். இது ஏன் நின்றுவிட்டது என்று பின்னால் எரிச்சலோடு ஹாரன் அடிக்கிற மனித டிரைவர்களுக்காக.